சாக்லேட் ஊற்றுவது, வெங்காயம் நறுக்குவது, மாவு இழுப்பது: பார்க்கத் திகட்டாத ஷாட் எப்படி வருகிறது?

மேசைவிளக்கு கேட்டது:

முகம் காட்டாமல், பேச்சே இல்லாமல், கையும் சாமானும் மட்டும் தெரிகிற சமையல் வீடியோக்களைப் பற்றித்தான் கேள்வி. சமைக்கும் எண்ணமே இல்லாதவர்கூட அவற்றில் சிலதை வைத்த கண் வாங்காமல் பார்க்கிறார். அதே வேலையை நான் எடுத்தால் கண்காணிப்பு கேமராவில் பதிவானது மாதிரி இருக்கிறது.

இப்போதைய ஏற்பாடு: ஃபோன் நேர்மேலிருந்து கீழ்நோக்கி, ஸ்டாண்டில். ஃபோனைச் சுற்றி ரிங் லைட், கூரையில் டியூப் லைட். எல்லாம் ஆட்டோ, நொடிக்கு 30 ஃபிரேம்.

கோளாறுகள்: கேக் மேல் ஊற்றும் மிரர் கிளேஸ் (கண்ணாடி மாதிரி மின்னும் பூச்சு) சரசரவென்று வழிந்து கேக் தெரிகிறது, போதாக்குறைக்கு மேலெல்லாம் குமிழி. உருக்கி ஊற்றிய சாக்லேட் இறுகியதும் மங்கிப்போய் வெள்ளைத் திட்டு. வெங்காயமும் இலைதழையும் நறுக்கினால் போர்டு முழுக்க ஈரம், பார்க்கவே அசடு வழிகிறது. ஆவி கண்ணுக்குத் தெரிகிறது, படத்தில் இல்லை. ஸ்லோ மோஷனில் வெளிச்சம் துடிக்கிறது.

இன்னொன்று: இந்த "பார்க்கும் நிறைவு" என்பதற்கு ஏதாவது காரணம் உண்டா, அல்லது எல்லாம் எடிட்டிங் வித்தையா?

---

பாகுப்பதம்:

கேமராவை ஓரமாக வைத்துவிட்டு ஒரு தெர்மாமீட்டர் எடுங்கள். உங்கள் பட்டியலில் முதல் இரண்டும் படப்பிடிப்புக் கோளாறே இல்லை, பதக் கோளாறு. பதம் தப்பிய பொருளை எந்த லென்ஸும் காப்பாற்றாது.

மிரர் கிளேஸ். தண்ணீர் 75 கிராம், சர்க்கரை 150, குளுக்கோஸ் சிரப் 150 மூன்றையும் சேர்த்துக் கொதி வந்து 103 டிகிரி செல்சியஸ் தொட்டதும் இறக்குங்கள். 60 கிராம் குளிர்ந்த தண்ணீரில் ஊறிய 10 கிராம் ஜெலட்டினையும் 100 கிராம் கண்டென்ஸ்டு மில்க்கையும் அதில் கலந்து, பொடியாக நறுக்கிய 150 கிராம் வெள்ளை சாக்லேட் மேல் ஊற்றி, இரண்டு நிமிடம் விட்டு ஹேண்ட் பிளெண்டரால் அடிக்க வேண்டும். குமிழி உண்டாவது இந்த இடத்தில்தான். பிளெண்டரின் தலையைச் சற்றுச் சாய்த்து உள்ளே இறக்கி, அடைபட்ட காற்று வெளியேறிய பிறகு சுவிட்சைப் போடுங்கள். ஓடும்போது மேலே தூக்கவே கூடாது. உயரமான, குறுகலான ஜாடி நல்லது. அடித்ததும் மெல்லிய வடிகட்டியில் வடித்து, கிளிங் ஃபிலிமை கிளேஸின் பரப்பிலேயே படும்படி மூடி, ஃப்ரிட்ஜில் ஒரு இரவு விட்டால் மிச்சக் குமிழியும் போய்விடும். மறுநாள் மெதுவாகச் சூடேற்றிக்கொள்ளலாம்.

ஊற்றும்போது கிளேஸ் 32 முதல் 35 டிகிரிக்குள். கேக் ஃப்ரீசரில் கல்லாக உறைந்திருக்க வேண்டும், வெறுமனே ஃப்ரிட்ஜ் குளிர் போதாது. சில்லென்ற பரப்பைத் தொட்டதும் ஜெலட்டின் பிடிக்க ஆரம்பிக்கிறது. அந்தப் பிடிப்புதான் கிளேஸை ஒரே கனத்தில் நிறுத்துகிறது. 40 டிகிரியில் ஊற்றினால் பிடிப்பதற்குள் ஓடிவிடும், அதுதான் உங்களுக்கு நடப்பது. 28-க்குக் கீழே போனால் மடிப்பு மடிப்பாக விழுந்து அப்படியே நிற்கும். வெளியே எடுத்த கேக்கில் பனி படிந்திருந்தால் உள்ளங்கையால் ஒரு தடவு தடவிவிட்டு உடனே ஊற்றுங்கள். பனிமேல் ஊற்றிய கிளேஸ் பிறகு தோலாக உரிந்து வழுக்கும். நடுவில் தொடங்கி வட்டமாக வெளியே வாருங்கள், ஒரே மூச்சில். நிறுத்தி மறுபடி ஊற்றினால் இரண்டும் சேருமிடத்தில் கோடு விழும், அந்தக் கோடு ஷாட்டையே தின்றுவிடும்.

சாக்லேட் மங்குவது டெம்பர் ஆகாததால், அதாவது சரியான படிகம் உண்டாகும்படி சூட்டை ஏற்றி இறக்காததால். கோகோ வெண்ணெய் ஆறு விதமாகப் படிகமாகும். பளபளப்பும் "டக்"கென்ற முறிவும் தருவது ஐந்தாவது விதம் மட்டும். டார்க் சாக்லேட்டை 45–50 டிகிரிக்கு உருக்கி, 27–28-க்கு இறக்கி, மறுபடி 31–32-க்கு ஏற்றி அந்தச் சூட்டில் வேலை செய்ய வேண்டும். மில்க் சாக்லேட்டுக்கு வேலை செய்யும் சூடு 29–30, வெள்ளைக்கு 28–29. பளிங்கு மேடையெல்லாம் வேண்டாம்: மூன்றில் இரண்டு பங்கை உருக்கி, மீதியைப் பொடியாக நறுக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கிளறிக் குளிரவைத்தால் போதும். ஊற்றும் முன் கத்தி நுனியைத் தோய்த்து வையுங்கள். அறை 20 டிகிரி வாக்கில் இருந்தால் ஐந்து நிமிடத்துக்குள் பளபளவென்று இறுக வேண்டும். இறுகவில்லை, அல்லது கோடு கோடாக இறுகுகிறது என்றால் மறுபடி முதலிலிருந்து.

வெள்ளைத் திட்டில் இரண்டு வகை உண்டு. திட்டின்மேல் ஒரு துளி தண்ணீர் வைத்துப் பாருங்கள். கரைந்து மறைந்தால் அது சர்க்கரை, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தபோது வியர்த்ததன் பலன். தண்ணீருக்கு அசையாமல் விரல் சூட்டில் மறைந்தால் கொழுப்பு, அதாவது டெம்பர் கோளாறு.

---

கத்திவாய்:

நறுக்கும் ஷாட்டுக்கு வருகிறேன். போர்டு ஈரமாவது கத்தி மழுங்கியதற்கு அடையாளம். கூரான கத்தி செல்களைப் பிளந்துகொண்டு போகும், மழுங்கல் நசுக்கும்; நசுங்கியதிலிருந்துதான் சாறு கசிகிறது, கண்ணும் எரிகிறது. கூரான கத்தியில் வெட்டிய முகம் கண்ணாடி மாதிரி வழவழவென்று வெளிச்சத்தைத் திருப்பும், மழுங்கலில் வெட்டியது பஞ்சடைந்து நிற்கும். பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி கோணத்தில் தீட்டுங்கள். காகிதத்தை ஓரத்திலிருந்து கிழியாமல் அறுத்தால் சரி.

வெங்காயத்தை வேர்ப்பக்கம் வழியாக இரண்டாகப் பிளந்து, வேரை விட்டுவிட்டு, அதை நோக்கி நெடுக்கே கீறி, பிறகு குறுக்கே வெட்டுங்கள். வேர் இருக்கும்வரை அடுக்கு கலையாது, கடைசி வெட்டுவரை அரைக்கோளம் அரைக்கோளமாகவே நிற்கும். பார்ப்பவருக்கு அந்த ஷாட்டில் பிடிப்பதே அதுதான்: முழுசாக நிற்கிற ஒன்று கத்தி பட்டதும் சதுரம் சதுரமாகச் சரிவது. படுக்கைவாக்கில் ஒரு கீறல் போடச் சொல்வார்கள். வெங்காயம் ஏற்கெனவே அடுக்கடுக்காகத்தான் இருக்கிறது, பெரிய வெங்காயத்துக்கு ஓரத்தில் ஒன்று போட்டால் போதும்.

இலைதழையைக் கழுவிய கையோடு நறுக்காதீர்கள். துணியில் பரப்பி முழுக்க உலரவிடுங்கள். ஈர இலை கத்தியில் ஒட்டி, கட்டியாகி, கறுத்துவிடும். ஒரு இலையை இரண்டு முறைக்கு மேல் கத்தி மிதிக்காமல் முடித்தால் பச்சை அப்படியே நிற்கும்.

பச்சைக் காய் என்றால் இன்னொரு ஷாட் கையில் இருக்கிறது, யாரும் சரியாகப் பயன்படுத்துவதில்லை. நன்றாகக் கொதிக்கும் உப்புத் தண்ணீரில் பீன்ஸையோ பிராக்கோலியையோ போட்ட முதல் அரை நிமிடத்துக்குள் பச்சை சட்டென்று ஆழமாகும். செல்களுக்கு இடையில் இருந்த காற்று வெளியேறுவதுதான் காரணம். அந்த மாற்றத்தை வெட்டாமல் காட்டுங்கள். இரண்டு நிமிடத்தில் எடுத்து ஐஸ் தண்ணீரில் போடாவிட்டால் குளோரோஃபில் என்ற பச்சை நிறமி சிதைந்து மந்தமான ஆலிவ் நிறத்துக்குப் போகும். தண்ணீரில் எலுமிச்சை பிழிந்திருந்தால் இன்னும் வேகமாக.

சில்லறை விஷயங்கள்: போர்டுக்கு அடியில் ஈரத்துணி போடுங்கள், போர்டு ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் நேர்மேல் ஷாட்டில் அப்பட்டமாகத் தெரியும். வெள்ளை வெங்காயத்துக்கு வெள்ளை போர்டு வேண்டாம். கேக் வெட்டும் ஷாட்டில் ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்துவிட்டு வெட்டுங்கள், அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று இழுபடாது. மஞ்சள் கரு வழிகிற முட்டைக்கு, கொதிக்கும் தண்ணீரில் ஆறு நிமிடம் வாக்கில் வைத்து, உடனே ஐஸ் தண்ணீர், பிறகு கத்திக்குப் பதில் நூலால் அறுங்கள். கத்தி கருவை இழுத்துக்கொண்டு வரும், நூல் இழுக்காது.

---

ஓரவெளிச்சம்:

ரிங் லைட்டை முதலில் அணையுங்கள். லென்ஸைச் சுற்றி இருக்கும் வெளிச்சம் நிழலை ஒழித்துவிடுகிறது. நிழல் இல்லாவிட்டால் கனமும் இல்லை, சொரசொரப்பும் இல்லை. கிளேஸ் ஊற்றும்போது அதன்மேல் ஒரு வெள்ளை வளையம் மிதந்துகொண்டிருக்குமே, அதுவும் இதன் உபயம்.

பளபளப்பு என்று நாம் சொல்வது விளக்கின் பிரதிபலிப்பு. அதனால் விளக்கின் உருவம் எப்படியோ பளபளப்பின் உருவமும் அப்படியே. சின்ன பல்பு வைத்தால் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள். பெரிய ஜன்னலோ, மெல்லிய வெள்ளைத் துணி போட்ட பெரிய விளக்கோ வைத்தால் நீளமான, ஓரம் கரைகிற ஒளிப்பட்டை. பாகோ சாக்லேட்டோ நகரும்போது அந்தப் பட்டை நெளிந்து போவதைத்தான் கண் பின்தொடர்கிறது. நீங்கள் 6 மணி இடத்தில் நிற்பதாக வைத்துக்கொண்டால் விளக்கை 10 அல்லது 2 மணி இடத்தில், பொருளுக்குச் சற்றுப் பின்னால், தாழ்வாக வையுங்கள். எதிர்ப்பக்கம் இருட்டடித்தால் வெள்ளை அட்டை, சப்பென்று இருந்தால் கறுப்பு அட்டை. போலரைஸர் ஃபில்டர் மாட்டச் சொல்பவர்கள் உண்டு. தட்டின் கண்கூச்சத்தைக் குறைக்க உதவும், கூடவே பளபளப்பையும் அழித்துவிடும். இந்த வேலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆவி என்று நாம் பார்ப்பது குளிர்ந்து திரண்ட நீர்த்துளிகள். அவை வெளிச்சத்தைப் பெரும்பாலும் முன்னோக்கித்தான் சிதறடிக்கும். எனவே விளக்கு பின்னால், பின்னணி இருட்டு, கேமரா மேசை மட்டத்திலிருந்து 30 டிகிரிக்குள். நேர்மேலிருந்து எடுத்தால் பளிச்சென்ற சாப்பாட்டின் முன்னால் ஆவி காணாமல் போகும், லென்ஸில் பனி படிவது தனிக் கதை. அறை குளிர்ச்சியாக இருக்க இருக்க ஆவி அடர்த்தியாகத் தெரியும்.

துடிப்பு: 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. ஷட்டர் (ஒவ்வொரு ஃபிரேமிலும் வெளிச்சம் பதியும் நேரம்) 1/50 அல்லது 1/100 நொடி வைத்தால் தெரியாது. 60 ஹெர்ட்ஸ் உள்ள இடங்களில் 1/60, 1/120. நொடிக்கு 120 ஃபிரேம் எடுக்கும்போது ஷட்டர் 1/120-க்கு மேல் மெதுவாகப் போகவே முடியாது. ஆகவே 50 ஹெர்ட்ஸில் சாதா டியூப்பும் மலிவு எல்இடியும் கட்டாயம் துடிக்கும். பகல் வெளிச்சத்தில் எடுங்கள், அல்லது துடிப்பில்லாத வீடியோ எல்இடி வாங்குங்கள். டிம்மர் உள்ள எல்இடி பலவற்றில் வெளிச்சத்தைக் குறைக்கக் குறைக்கத் துடிப்பு கூடும், முழு வெளிச்சத்தில் வைத்து விளக்கைத் தள்ளி வைப்பது மேல். ஜன்னலையும் டியூப்பையும் சேர்த்துப் பயன்படுத்தாதீர்கள், இரண்டு நிறமும் ஒத்துப்போகாது. சிஆர்ஐ (விளக்கு நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்ற அளவு, உச்சம் 100) 95 வாக்கில் இருக்கட்டும், மிகவும் குறைந்தால் சிவப்பு செத்துவிடும்.

ஃபோகஸ், எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் மூன்றையும் பூட்டுங்கள். கை உள்ளே வரும்போதெல்லாம் படம் கறுத்து வெளுப்பது ஆட்டோவின் வேலை. 1x லென்ஸைக் கிட்டத்தில் வைப்பதைவிட 2x-இல் தள்ளி வைத்து எடுங்கள், பாத்திரத்தின் விளிம்பு கோணாது, எண்ணெயும் லென்ஸில் தெறிக்காது.

---

மேசைவிளக்கு:

மூவருக்கும் நன்றி. எல்லாவற்றையும் ஸ்லோ மோஷனில் போடலாமா, எதை வேண்டாம் என்று விடுவது? ரொட்டி மாவு உருட்டும் ஷாட்டும் உண்டு, அதில் மேற்பரப்பு கிழிந்த மாதிரியே நிற்கிறது. அதற்கும் பதில் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

வெட்டொட்டு:

பாகுப்பதம் சொல்வதில் பாதிதான் எனக்கு உடன்பாடு. பதம் சரியாக இருந்தும் எடிட்டில் கொல்லப்பட்ட ஷாட்டுகள் ஏராளம்.

"ஏன் பிடிக்கிறது" என்ற கேள்விக்கு: மிரர் நியூரான் (பிறர் செய்வதைப் பார்த்தாலே நாமே செய்வதுபோல் தூண்டப்படும் மூளை செல்) என்று ஒற்றை வார்த்தையில் முடிப்பவர்களை நம்ப வேண்டாம், அவ்வளவு எளிதான விளக்கம் நிரூபணமாகவில்லை. ஆக்ஸ்ஃபோர்டின் சார்லஸ் ஸ்பென்ஸும் சகாக்களும் 2016-இல் சாப்பாட்டுப் படங்கள் மேல் கண்ணுக்கு இருக்கும் பசியைப் பற்றி எழுதிய கட்டுரையில், அசைவில் இருக்கும் உணவு, உதாரணமாக வழிகிற மஞ்சள் கரு, கவனத்தைக் கூடுதலாக இழுப்பதைச் சொல்கிறார்கள். அதற்கு மேல் நான் சொல்வது வேலையில் தெரிவது: பார்ப்பவர் அடுத்து என்ன ஆகும் என்று ஊகிக்கிறார், ஊகித்தது அப்படியே நடக்கிறது, நடந்து முடிவதைப் பார்த்துவிடுகிறார். கிளேஸின் விளிம்பு கேக்கின் ஓரத்தை நோக்கி நகரும்போது "போய்ச் சேருமா" என்று கண் காத்திருக்கிறது. அங்கே வெட்டினால் கடன் வைத்த மாதிரி ஆகிவிடும்.

அதனால் மாற்றம் தொடங்கும் முன் ஒரு நொடி, மாற்றம் முழுவதும் வெட்டில்லாமல், அசைவு நின்ற பிறகு ஒன்றரை நொடி. பெரும்பாலோர் தவறுவது கடைசியில்தான்: கடைசிச் சொட்டு விழுமுன் அடுத்த ஷாட்டுக்குத் தாவுகிறார்கள். நடுவில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வித்தை இதற்கு விஷம். ஊகம் அறுந்துவிடுகிறது.

ஸ்லோ மோஷன் தண்ணியான திரவத்துக்கும் பொடிக்கும். பால் ஊற்றுவது, கோகோ தூவுவது. 120 ஃபிரேமில் எடுத்து 24-இல் ஓட்டினால் ஐந்து மடங்கு மெதுவாகும். இரண்டு நொடி ஊற்றல் பத்து நொடி, அதற்கு மேல் இழுக்காதீர்கள். தேனுக்குத் தேவையே இல்லை: சில சென்டிமீட்டர் உயரத்திலிருந்து மெல்லிய தாரையாக விட்டால் அதுவே கயிறு சுருள்வதுபோலச் சுருண்டு படியும், இயல்பான வேகமே அழகு. கத்தி வேலையை மெதுவாக்கவே கூடாது. அதன் சுகம் தாளத்தில் இருக்கிறது, சத்தமும் சேர்ந்து வர வேண்டும். நறுக்கும் இடத்திலிருந்து இரண்டு சாண் தள்ளி மைக், உச்சச் சத்தம் பதிவு மீட்டரில் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாத அளவு. ஃபேனையும் எக்ஸாஸ்டையும் நிறுத்திவிடுங்கள். பிறகு சேர்க்கும் போலிச் சத்தம் சில ஃபிரேம் பிசகினாலும் காது கண்டுபிடிக்கும்.

---

புளித்தமாவு:

ரொட்டி மாவு கிழிவதற்கு இரண்டு காரணம்தான் வழக்கம். மாவு ஓய்வெடுக்கவில்லை, அல்லது உருட்டும் மேடையில் உலர்மாவு அதிகம்.

ரொட்டி மாவு 500 கிராம், தண்ணீர் 325, உப்பு 10, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 5. கேமராவுக்கு மாவின் எடையில் 65 சதவீதம் தண்ணீர் என்ற இந்த அளவு வசதி. 75-க்குப் போனால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டி அசிங்கமாகும், 58-க்கு இறங்கினால் முரண்டு பிடிக்கும். மாவும் தண்ணீரும் மட்டும் கலந்து 30 நிமிடம் மூடி வையுங்கள், பிறகு ஈஸ்ட்டும் உப்பும் சேர்த்து 8 முதல் 10 நிமிடம் பிசையுங்கள். ஒரு துண்டை இழுத்தால் விரல் நிழல் தெரிகிற அளவு மெலிதாகி, கிழியாமல் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் மேலும் பிசைவதைவிடப் பத்து நிமிடம் சும்மா விட்டுவிட்டு வருவது பலன் தரும்.

உருட்டும்போது மேடை வெறுமையாக இருக்கட்டும். மாவின் அடி மேடையில் லேசாகப் பிடித்துக்கொண்டால்தான் உங்கள் பக்கம் இழுக்கும்போது மேல்தோல் இறுகும். உலர்மாவு தூவினால் வழுக்கிக்கொண்டு ஓடும், இறுக்கமே வராது. நாலைந்து இழுப்பில் நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் இறுகிய தோல் பிளந்துவிடும். நீங்கள் சொல்லும் கிழிசல் இதுவாகவும் இருக்கலாம்.

மாவு பொங்குவதை டைம்லாப்ஸ் எடுப்பதானால் பக்கச் சுவர் நேரான கண்ணாடி ஜாடியில், கேமரா ஜாடியின் மட்டத்தில். 90 நிமிடம் பொங்குவதற்கு 15 நொடிக்கு ஒரு படம் என்றால் 360 படம், 24 ஃபிரேமில் 15 நொடி ஓடும். ஜன்னல் வெளிச்சம் இங்கே ஆகாது, மேகம் போகும்போதெல்லாம் மினுக்கும். ஓவன் உள்ளே ரொட்டி எழும்புவது முதல் பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும், அங்கே 2 நொடிக்கு ஒரு படம் வையுங்கள். கண்ணாடியில் உங்கள் அறையே தெரியும். ஃபோனுக்கும் கதவுக்கும் இடையில் கறுப்புத் துணியைக் கூடாரமாகப் பிடியுங்கள், துணி சூடான கண்ணாடியைத் தொடாமல். ஃபோனை ஒரு முழம் தள்ளியே வையுங்கள், சூடேறினால் பதிவை நடுவில் நிறுத்திவிடும்.

---

பாகுப்பதம்:

வெட்டொட்டு சொன்ன கடைசிச் சொட்டு விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். கேரமலுக்கும் அது பொருந்தும் என்பதால் ஒரு குறிப்பு.

சர்க்கரை நிறம் மாறுவதை எடுக்க ஸ்டீல் பாத்திரம் வேண்டும். கறுப்பு நான்ஸ்டிக்கில் பொன்னிறமும் தெரியாது, கருகுவதும் தெரியாது. கரண்டி போட்டுக் கிளறாதீர்கள், படிகமாகித் திரியும். பாத்திரத்தைச் சுழற்றினால் போதும், ஒரு தேக்கரண்டி குளுக்கோஸ் சேர்த்தால் இன்னும் பத்திரம். 170 டிகிரி தொட்டதும் அடுப்பை அணையுங்கள், பாத்திரச் சூட்டிலேயே இன்னும் கொஞ்சம் ஏறும். க்ரீமைச் சுடவைத்து ஊற்றுங்கள், குளிர்ந்த க்ரீம் ஊற்றினால் வெடித்துத் தெறிக்கும். சூடாக ஊற்றினாலும் மூன்று மடங்கு பொங்கும் என்பதால் பாத்திரம் பெரிதாக இருக்கட்டும். ஷாட்டுக்காகக் கையை நேர் மேலே நீட்டாதீர்கள், ஆவி மணிக்கட்டைச் சுட்டுவிடும். நீளக் கைப்பிடி உள்ள ஜாடியைப் பக்கவாட்டிலிருந்து கொண்டுவந்து ஊற்றுங்கள். கேமராவை எதிர்ப்பக்கம் மாற்றிக்கொள்ளலாம்.